எண்ணூரில் எரியும் கந்தகம் பூமியைக் குளிர்விக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பல் எண்ணெயில் கந்தகத்தைக் குறைத்ததால் கடல்மேல் மேகங்கள் மங்கிவிட்டன, அதனால்தான் கடல் சூடாகிறது என்றொரு செய்தி கொஞ்ச காலமாகத் தமிழில் சுற்றி வருகிறது. அதையொட்டித் தங்கள் வாசகர் பக்கத்திலும் கடிதங்கள் வந்தன. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கு இன்னும் சுத்தமான எண்ணெய் கேட்பது புவி வெப்பத்தைக் கூட்டும் வேலை என்று ஒரு வாசகர் முடித்திருந்தார். இந்த வாதத்தின் முன்பாதி சரி. பின்பாதி தவறு. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்றையும் வாசலில் வைத்துக்கொண்டு வாழும் வடசென்னை அந்தப் பின்பாதியை நம்பிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

முன்பாதியை முதலில் பார்ப்போம். கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் சர்வதேச மார்போல் உடன்படிக்கையின் ஆறாம் இணைப்பின்படி, 2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்கக் கப்பல் எண்ணெயில் கந்தகம் 0.50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பு 3.50 சதவீதம் வரை அனுமதி இருந்தது. கந்தகம் எரியும்போது ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு எடையில் இரட்டிக்கிறது. எனவே 3.5 சதவீத எண்ணெய் ஒரு டன் எரிந்தால் 70 கிலோ கந்தக டை ஆக்சைடு வரும், 0.5 சதவீத எண்ணெயில் 10 கிலோ. நாளொன்றுக்கு 30 டன் எரிக்கும் ஒரு சரக்குக் கப்பலின் புகைபோக்கியிலிருந்து முன்பு 2,100 கிலோ போனது, இப்போது 300 கிலோ போகிறது. உலகக் கப்பல்கள் வெளியிடும் கந்தக ஆக்சைடுகள் இந்த விதியால் ஆண்டுக்கு 85 லட்சம் டன் குறையும் என்பது சர்வதேச கடல்சார் அமைப்பின் கணக்கு.

அந்த வாயு காற்றில் சில மணி நேரம் முதல் ஓரிரு நாளுக்குள் சல்பேட் துகளாக மாறுகிறது. மேகத்துக்குள் புகுந்துவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து இன்னும் வேகமாக மாறும். நீராவி தானாகத் துளியாகிவிடாது. ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். துகள்கள் அதிகமானால் அதே அளவு தண்ணீர் அதிகத் துளிகளாகப் பிரியும், ஒவ்வொரு துளியும் சிறுக்கும். துளிகளின் எண்ணிக்கை எட்டு மடங்கானால் துளியின் ஆரம் பாதியாகும், மொத்தப் பரப்பு இரட்டிக்கும். பரப்பு கூடினால் வெயில் அதிகமாகத் திரும்பி விண்வெளிக்குப் போகும், மேகம் மேலிருந்து பார்க்க வெளுத்துத் தெரியும். இதை 1970களில் கணக்கிட்டுக் காட்டியவர் டூமி என்ற மேக ஆய்வாளர். சிறுதுளிகள் ஒன்றோடொன்று மோதித் தூறலாவது கடினம், ஆகவே மேகம் நீண்ட நேரம் நிற்கவும் கூடும் என்று 1989இல் ஆல்பிரெக்ட் என்ற இன்னொரு ஆய்வாளர் சேர்த்தார். ஆனால் இந்த இரண்டாவது விஷயம் எப்போதும் ஒரே திசையில் வேலை செய்வதில்லை. சிறுதுளிகள் சீக்கிரம் ஆவியாகும். மேலேயுள்ள வறண்ட காற்றோடு கலந்து மேகம் மெலிந்துபோவதும் உண்டு.

கப்பல் போன பாதையில் மேகத்தின்மேல் வெள்ளைக் கோடு விழுவது 1960களின் செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிந்தது. ஒரு கோடு பல நூறு கிலோமீட்டர் நீளும், பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு அகலும். 2020க்குப் பிறகு அந்தக் கோடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இதில் சர்ச்சை இல்லை.

சர்ச்சை அளவைப் பற்றியது. கந்தகம் குறைந்ததால் பூமி கூடுதலாக ஏற்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு 0.1 வாட் அளவில் இருக்கும் என்பது பல கணினி மாதிரிக் கணக்குகளின் முடிவு. கடற்பரப்பை மட்டும் எடுத்து 0.2 வாட் என்று 2024இல் ஒரு குழு கணக்கிட்டது. காலநிலை விஞ்ஞானி ஹான்சன் போன்றவர்கள் இதைவிட அதிகம் என்கிறார்கள். நடுத்தர மதிப்பை எடுத்தால் வெப்பநிலையில் 0.05 டிகிரியை ஒட்டிய ஏற்றம், அதுவும் பல ஆண்டுகளில் படிப்படியாக. மறுபக்கம், 1750 முதல் 2019 வரை சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு மட்டும் 2.16 வாட் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கை சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் கடல் வெப்பத்துக்கு எல் நினோ, பசுமைக்குடில் வாயுக்கள், கடல்மேல் தாழ்மேகங்கள் குறைந்தது எனப் பல காரணங்கள் கைகோத்தன. கப்பல் எண்ணெய் அதில் ஒரு பங்காளி, அவ்வளவே.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சல்பேட் துகள் காற்றில் ஒரு வாரம் நின்றால் அதிகம், மழையோடு இறங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். கந்தகத்தை எரித்துக் குளிர்ச்சி வாங்குவதென்றால் ஒவ்வொரு வாரமும் புதிதாக எரித்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்திய உடனே மறைந்திருந்த வெப்பம் வெளியே வரும். 2020இல் நடந்தது அதுதான். சுத்தமான எண்ணெய் புதிதாக எந்த வெப்பத்தையும் உண்டாக்கவில்லை, மூடியிருந்த திரையைக் கொஞ்சம் விலக்கியது.

இனிப் பின்பாதி. மேகத்தை வெளுக்கவைக்கும் இந்த வேலை எங்கே நன்றாக நடக்கும்? கலிஃபோர்னியா, பெரு, சிலி, நமீபியா, அங்கோலா கரைகளுக்கு வெளியே, குளிர்ந்த கடல்மேல் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குள் போர்வையாகப் படர்ந்திருக்கும் தாழ்மேகங்களில். அங்கே காற்று சுத்தம். ஒரு கன சென்டிமீட்டரில் 50 முதல் 100 துளிகள்தான் இருக்கும். வெயிலில் பாதியைத் திருப்பும் ஒரு மேகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 50 துளிகள் இருக்கும் இடத்தில் கப்பல் புகை இன்னொரு 50 சேர்த்தால், தண்ணீரின் அளவு மாறாதபட்சத்தில், அது திருப்பும் வெயில் 50 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 56 சதவீதமாகும். அதே 50 துளிகளை ஏற்கெனவே 1,000 துளிகள் இருக்கும் அழுக்கு மேகத்தில் சேர்த்தால் 50 என்பது 50.4 ஆகும். உப்புக் கரிக்கும் குழம்பில் இன்னும் ஒரு சிட்டிகை போட்ட மாதிரி.

வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகள், நிலக்கரித் தூசி எல்லாம் சேர்ந்த நம் காற்று இரண்டாவது வகை. மேகங்களும் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை தருபவை பத்துக் கிலோமீட்டருக்கு மேல் எழும்பும் மேகங்கள். தாழ்மேகத்துக்குச் செய்த கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

அப்படியானால் வங்கக்கடலில் கப்பல் புகை மேகத்தை ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது, ஆனால் வேறு விதத்தில். இலங்கையின் தென்முனையைச் சுற்றிச் சுமத்ராவின் வடமுனை வழியாக மலாக்கா நீரிணைக்குள் போகும் கப்பல் பாதைக்கு நேர்மேலே, பக்கத்துக் கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல் விழுவதை 2017இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். துளிகள் சிறுத்ததால் கீழேயே மழையாகிவிடாமல் உறைநிலை மட்டத்துக்கு மேலே போகின்றன. அங்கே பனித்துகள்கள் உரசி மின்னேற்றம் பிறக்கிறது. 2020க்குப் பிறகு அந்தப் பாதையின்மேல் மின்னல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நம் கடலில் கந்தகத்தின் அடையாளம் குளிர்ச்சியைவிட மின்னலில்தான் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கடலில் வலை வீசும் காசிமேட்டுக்காரர்களுக்கு எது வேண்டும் என்று அவர்களையே கேட்கலாம்.

புகையில் உள்ள எல்லாத் துகளும் குளிர்விப்பவை அல்ல என்பதும் இந்தப் பேச்சில் விடுபட்டுப் போகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வி. ராமநாதனும் பால் குருட்சனும் முன்னின்று 1999இல் நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு, தெற்காசியாவிலிருந்து கடல்மேல் பரவும் பழுப்புப் படலம் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை இருப்பதைக் கண்டது. அதிலுள்ள கரி வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கி, மேகத்தையே கரைத்துவிடக் கூடும். கப்பலின் ஜெனரேட்டர் குறைந்த சுமையில் ஓடும்போது இந்தக் கரி அதிகம் வரும். பெர்த்தில், அதாவது துறைமுகத்தில் கப்பலைக் கட்டி நிறுத்தும் இடத்தில், நிற்கும் கப்பலில் அப்படித்தான் ஓடுகிறது.

பெர்த்தில் நிற்கும் கப்பலின் கணக்கு இது. மெயின் இன்ஜின் அணைந்திருக்கும், ஜெனரேட்டரும் பாய்லரும் ஓடும். நிலக்கரிக் கப்பலில் 600 கிலோவாட் சுமை என்றால், ஒரு யூனிட்டுக்கு 0.21 கிலோ எண்ணெய் வீதம் நாளுக்கு 3 டன். குளிர்பதனக் கன்டெய்னர்கள் நிறைய உள்ள கப்பலில் இது இரண்டு மூன்று மடங்காகும். கச்சா எண்ணெய்க் கப்பல் நீராவிப் பம்ப் வைத்து இறக்கினால் பாய்லர் மட்டும் 20 டன்னைத் தாண்டும். சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் அப்படிப்பட்ட கப்பல்கள் வருவதுண்டு. 0.5 சதவீத எண்ணெயில் 3 டன் என்பது 30 கிலோ கந்தக டை ஆக்சைடு. துறைமுகத்துக்கு நாம் கேட்கும் 0.1 சதவீத எண்ணெயில் அது 6 கிலோ. மிச்சம் 24 கிலோ.

மூன்று துறைமுகங்களிலும் சேர்த்து எப்போதும் 30 கப்பல்கள் இப்படி நிற்பதாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குக் குறைவது சுமார் 263 டன். உலக அளவில் குறைந்த 85 லட்சம் டன்னில் இது லட்சத்தில் மூன்று பங்கு. எண்ணெய்க் கப்பல்களுக்காகப் பத்தால் பெருக்கினாலும் பத்தாயிரத்தில் மூன்று. நடுக்கடலில் 85 லட்சம் டன் குறைந்ததன் விளைவே 0.05 டிகிரியை ஒட்டித்தான் என்னும்போது, வெளுக்கவே வெளுக்காத எண்ணூர் மேகத்தின்கீழ் இந்த 263 டன்னால் எந்த வெப்பமானியும் அசையாது. ஆனால் அந்த 24 கிலோ புகைபோக்கியிலிருந்து இறங்கும் இடம் வேறு. பகல் பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழுந்தால் சென்னைத் துறைமுகத்தின் புகை ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வரும். வாடைக்காற்று நாட்களில் காமராஜர் துறைமுகத்தின் புகை எண்ணூர், திருவொற்றியூர், மணலிப் பக்கம் வரும். கப்பலின் புகைபோக்கி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் போல உயரம் கிடையாது. கலந்து நீர்த்துப்போகுமுன் மூக்குக்கு வந்துவிடும். 2018இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, 0.5 சதவீத விதியால் கப்பல் புகை தொடர்பான அகால மரணங்கள் 34 சதவீதமும் குழந்தைகளின் ஆஸ்துமா 54 சதவீதமும் குறையும் என்று கணித்தது. குளிர்விக்கும் விளைவு குறையும் என்பதையும் அதே ஆய்வு ஒளிக்காமல் சொன்னது. அப்படிக் குறைந்த பிறகும் ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் மரணங்கள் மிஞ்சும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெர்த்தில் நிற்கும் கப்பல்கள் 0.1 சதவீத எண்ணெய்தான் எரிக்க வேண்டும் என்பது 2010 முதலே விதி. பால்டிக், வடகடல், வட அமெரிக்கக் கரைகளில் ஓடும்போதும் 2015 முதல் 0.1தான்; 2025 மே முதல் மத்தியதரைக் கடலிலும் அதே. இந்தியக் கரைக்கு அப்படி ஒரு தனி வரம்பு இல்லை. அதாவது இங்கே 0.5 எரிக்கும் அதே கப்பல் ராட்டர்டாமில் 0.1 எரிக்கிறது. எண்ணெய் கப்பலிலேயே இருக்கிறது, மாற்றச் சொல்ல ஆள் இல்லை.

கப்பல் தரப்பு சொல்லும் சிக்கல்களைத் தள்ளிவிடக் கூடாது. எண்ணெய் மாற்றுவது குழாயைத் திருகுவது போன்ற வேலை இல்லை. கனமான எண்ணெய் 100 டிகிரிக்கு மேல் சூடாக்கப்பட்டு இன்ஜினுக்குப் போகிறது. கந்தகம் குறைந்த, டீசல் போன்ற இலகுவான மரைன் கேஸ் ஆயில் 40 டிகிரி அளவில் போக வேண்டும். நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் வெப்பம் மாறினால் எண்ணெய் பம்புக்குள் ஓடும் தண்டான பிளஞ்சர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கேஸ் ஆயில் சூடாகவே இருந்துவிட்டால் பாகுத்தன்மை 2 சென்டிஸ்டோக்குக்குக் கீழே இறங்கிப் பம்புக்குள்ளேயே கசியும், ஜெனரேட்டர் சுமை தாங்காமல் நிற்கும். துறைமுக வாய்க்குள் வளைந்து நுழையும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாய்லரில் இன்னொரு ஆபத்து: பர்னர் நாசிலையும் சுடர் உணரியையும் கேஸ் ஆயிலுக்குத் தக்கபடி மாற்றாமல் பற்றவைத்தால் எரியாத ஆவி உள்ளே சேர்ந்து வெடிக்கும். எனவே கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் ஏறுமுன் மாற்று அல்லது கட்டி முடித்தபின் மாற்று, நடுவில் தொடாதே என்பதுதான் நடைமுறை. விதி எழுதுபவர்கள் கட்டிய பின்பும் கிளம்புமுன்பும் இதற்கு நேரம் விட வேண்டும்.

எவ்வளவு நேரம்? ஜெனரேட்டர் எண்ணெய்ச் சுற்றில், கலப்புக் குழாயையும் சேர்த்து, 300 கிலோ பழைய எண்ணெய் இருப்பதாகவும் மணிக்கு 125 கிலோ செலவாவதாகவும் கொள்வோம். உள்ளே வரும் புதிய எண்ணெயில் கந்தகம் 0.08 சதவீதம் என்றால், சுற்றில் உள்ள கலவை 0.5இலிருந்து 0.1க்கு இறங்க ஏழேகால் மணி நேரம் பிடிக்கும். 0.05 சதவீத எண்ணெய் வாங்கினால் ஐந்தேகால் மணி நேரம். திரும்பும் எண்ணெயைச் சுற்றுக்குள் விடாமல் தனித் தொட்டிக்குத் திருப்பினால் இன்னும் வேகம். ஆக 0.1 என்று எழுதிய ரசீதைக் காட்டி, கட்டிய ஒரு மணி நேரத்தில் சுத்தமாகிவிட்டது என்று பதிவேட்டில் எழுதுபவரை நம்பத் தேவையில்லை.

செலவைச் சொல்பவர்களுக்கு: டன்னுக்கு 200 டாலர் கூடுதல் என்றே வைத்தாலும் 3 டன்னுக்கு நாளுக்கு 600 டாலர். கப்பலின் ஒருநாள் வாடகைக்குப் பக்கத்தில் இது சிறு தொகை.

ஸ்க்ரப்பர் என்னும் புகை கழுவும் கருவி வைத்த கப்பலுக்கு விலக்கு என்று யாராவது விதியில் ஒரு வரி சேர்க்கப் பார்ப்பார்கள். திறந்த சுற்று ஸ்க்ரப்பர் ஒரு மெகாவாட்-மணிக்குச் சுமார் 45 டன் கடல்நீரைப் புகையில் தெளித்து, அமிலமும் கரியும் எண்ணெய்ப் பிசினும் கலந்த அந்த நீரைக் கடலிலேயே விடுகிறது. காற்றில் போக வேண்டியது துறைமுகத் தண்ணீரில் போகும். நீரோட்டம் குறைந்த துறைமுகத்துக்குள் அது தேங்கும். சிங்கப்பூர் 2020 முதல் தன் துறைமுகத்தில் இதைத் தடை செய்துவிட்டது. கப்பல் எண்ணெய் தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிய பிறகு எர்ணாவூர் கரையில் பக்கெட்டால் அள்ளியவர்கள் அறிவார்கள். இங்கும் திறந்த சுற்றுக்குத் தடை வேண்டும்.

நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்ற உற்சாகத்திலும் பாதிதான் நியாயம். கப்பல் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, கந்தகம் நீக்கும் கருவி ஓடாத நிலக்கரி நிலையத்தின் மின்சாரத்தை இழுத்தால் புகை பெர்த்திலிருந்து அத்திப்பட்டுக்கு இடம் மாறும். உயரமான புகைபோக்கி என்பதால் பக்கத்துத் தெருவுக்குக் கொஞ்சம் நிம்மதி, மீஞ்சூர்காரருக்கு இல்லை. கரை மின்சாரம் வரட்டும். அனல்மின் நிலையங்களின் கந்தகக் கட்டுப்பாடும் கூடவே வரட்டும்.

கடல்நீரைத் தெளித்து மேகத்தை வெளுக்கவைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 1990இல் லேதம் என்ற விஞ்ஞானி முன்வைத்த யோசனை அது; 2020இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் மேல் சிறு அளவில் தெளித்தும் பார்த்தார்கள். அதற்கு உப்புத்துகள் போதும், கந்தகம் தேவையில்லை. அதை மக்கள் குடியிருப்புக்கு எதிரே கட்டிவைத்த கப்பலிலிருந்து செய்யவும் தேவையில்லை.

கடைசியாக, பிடிப்பது எப்படி என்பது. எண்ணெய் ஏற்றிய ரசீதைக் கப்பலில் மூன்று ஆண்டுகளும், முத்திரையிட்ட மாதிரி பாட்டிலைக் குறைந்தது பன்னிரண்டு மாதமும் வைத்திருக்க வேண்டும். ஆனால் அது ஏற்றிய எண்ணெயைத்தான் சொல்லும்; எரியும் எண்ணெயைத் தெரிந்துகொள்ள ஜெனரேட்டருக்குப் போகும் குழாயிலேயே, இன்ஜினுக்கு எண்ணெய் தரும் சர்வீஸ் தொட்டிக்குப் பிறகு, மாதிரி எடுக்க வேண்டும். அதற்கு முன்பு எந்தக் கப்பலில் ஏறுவது என்று தீர்மானிக்கப் புகையை மோந்து பார்க்கும் கருவி போதும். பின்னணியைக் கழித்த பிறகு கிடைக்கும் கந்தக டை ஆக்சைடை, பில்லியனில் எத்தனை பங்கு என்ற கணக்கில் எடுத்து, கார்பன் டை ஆக்சைடு மில்லியனில் எத்தனை பங்கோ அதால் வகுத்து 0.232ஆல் பெருக்கினால் எண்ணெயின் கந்தகச் சதவீதம் வந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு 10 கூடும்போது கந்தக டை ஆக்சைடு 4.3 கூடினால் அது 0.1 சதவீத எண்ணெய், 21.5 கூடினால் 0.5. நம் ஊரில் கருவியை எங்கே வைப்பது என்பதில் கவனம் தேவை. நிலத்திலிருந்து காற்று அடிக்கும்போது மணலியும் வல்லூரும் கணக்கில் புகுந்து கெடுக்கும். கடற்காற்று வீசும் பிற்பகலில், பெர்த்துக்கு மேற்கே, கப்பல் புகை வந்துபோகும் சில நிமிடங்களை மட்டும் எடுக்க வேண்டும். கடல் பக்கமிருந்து வரும் காற்றின் அளவு பின்னணியாகக் கிடைத்துவிடும்.

இதைச் செய்ய வேண்டியவர்கள் ஒரே இடத்தில் இல்லை. சென்னைத் துறைமுக ஆணையத்தின் கையில் சென்னையும் காமராஜர் துறைமுகமும் இருக்கின்றன. காட்டுப்பள்ளி தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கீழ் வருகிறது. கப்பலில் ஏறி மாதிரி எடுக்கும் அதிகாரம் மத்திய அரசின் மெர்க்கன்டைல் மரைன் துறைக்கு. மூவரும் ஒரே வரம்பை ஒரே நாளில் அறிவிக்காவிட்டால் சரக்கு அடுத்த துறைமுகத்துக்குத் தாவும், விதி ஏட்டில் இருக்கும். கருவி சிவப்புக் காட்டினால் கப்பல் கயிறு அவிழ்ப்பதற்கு முன்பே ஏறிவிட வேண்டும். வெளியே போய் நங்கூரம் போட்ட பிறகு மாதிரி எடுக்கப் படகு ஏற்பாடு செய்துகொண்டிருந்தால், அது போய்ச் சேருவதற்குள் தொட்டியில் வேறு எண்ணெய் இருக்கும்.

இப்படிக்கு,
கப்பல் பொறியியலும் வளிமண்டலவியலும் அறிந்த வாசகர்கள் சிலர்,
வடசென்னை.